கர்ப்பப்பை அகற்றிய பின் ஏறும் சி.ஆர்.பி.: வயிறு திறந்ததற்கும் துளைவழிச் செய்ததற்கும் இடையில்

6 ஜூலை 2024: உப்புவெளியிலிருந்து ஒரு மகளின் கேள்வி

"அம்மாவுக்கு வயது 49. நார்க்கட்டிகளுக்காக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். இரண்டாம் நாள் சி.ஆர்.பி. 96 என்று அறிக்கை வந்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இன்னொரு அக்காவுக்குக் கொழும்பில் கமரா விட்டுச் செய்தார்கள். அவருக்கு மறுநாள் 28 மட்டும்தான். அம்மாவுக்குக் கிருமி தொற்றிவிட்டதா? கமரா ஒப்பரேஷன் செய்யாமல் விட்டது எங்கள் பிழையா?"

7 ஜூலை 2024

தங்கச்சி, வயிறு திறந்து கர்ப்பப்பை அகற்றிய ஒருவருக்கு இரண்டாம் நாளில் 96 வருவது எதிர்பார்க்கக்கூடியதுதான். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கிருமித்தொற்று என்று எவரும் முடிவுகட்ட மாட்டார்கள். காய்ச்சல், நாடித்துடிப்பு, வயிற்று நோவு, காயத்தின் நிறம், சிறுநீர் போகும் அளவு ஆகியவற்றை வார்ட்டில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் அந்த முடிவுக்கு வரமுடியும். நான் வைத்தியர் அல்ல. 26 ஆண்டுகள் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதித்தவள். 2011 இல் இதே சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டவள். அந்த இரண்டு அனுபவங்களிலிருந்து மட்டுமே எழுதுகிறேன்.

சி.ஆர்.பி. என்பது ஈரல் உற்பத்திசெய்யும் ஒரு புரதம். 1930 இல் நியூயோர்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் அதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் 'சி' எனப்பட்ட ஒரு கூறுடன் சேர்ந்து படிவதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. கிருமியோடு சேர்த்துக் கண்டுபிடிக்கப்பட்டதாலோ என்னவோ, அது ஏறினால் கிருமி என்ற எண்ணம் நம் மனங்களில் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் உடலின் இழையம் எங்கே காயப்பட்டாலும், அது கிருமியால் ஆனாலும் கத்தியால் ஆனாலும் நெருப்பால் ஆனாலும், அந்த இடத்தில் கூடும் வெண்குழியங்களும் விழுங்கு கலங்களும் இன்டர்லியூக்கின்-6 என்ற தூதுப்பொருளை இரத்தத்தில் விடுகின்றன. அது ஈரலை அடைந்ததும் ஈரல் சி.ஆர்.பி.யை உருவாக்கத் தொடங்குகிறது. காயத்துக்கு உடல் காட்டும் இந்த எதிர்வினையைத்தான் அழற்சி என்கிறோம். சத்திரசிகிச்சை என்பது வைத்தியர் கணக்கிட்டு உண்டாக்கும் காயம். எனவே அதன்பின் சி.ஆர்.பி. ஏறாமல் இருந்தால்தான் நாம் வியக்க வேண்டும்.

இரண்டு முறைகளிலும் எடுக்கப்படுவது ஒரே கர்ப்பப்பைதான். அதைப் பிடித்திருக்கும் தசைநார்கள், இரத்தக்குழாய்கள், யோனியின் மேல்முனை ஆகியவை இரண்டிலும் வெட்டிக் கட்டப்படுகின்றன. வித்தியாசம் அங்கே போய்ச்சேரும் வழியில் இருக்கிறது. திறந்த முறையில் தோல், கொழுப்பு, தசையுறை, உட்சவ்வு என ஒவ்வொன்றாகப் பிரித்து, வயிற்றுச் சுவரை இரும்புக் கருவிகளால் இழுத்துப் பிடித்து, குடலைத் துணிப்பொதிகளால் மேலே ஒதுக்கி வைக்கிறார்கள். துளைவழி முறையில், அதாவது நீங்கள் சொல்லும் கமரா ஒப்பரேஷனில், அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் வரையான மூன்று நான்கு துளைகள் போதும். அழற்சியின் வேறுபாட்டுக்குப் பெரும் பங்கு வகிப்பது கர்ப்பப்பையை விட வயிற்றுச் சுவரே என்று இதனால்தான் சொல்கிறார்கள்.

8 ஜூலை 2024

நேற்று எழுத மறந்தது. அறிக்கையில் அலகைப் பாருங்கள். நம் ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் லீற்றருக்கு மில்லிகிராம் என்று தருகின்றன. 5 அல்லது 6 க்குக் கீழே இருந்தால் இயல்பு என்று பக்கத்தில் அச்சிட்டிருக்கும். டெசிலீற்றருக்கு என்று தரும் இடத்தில் எண் பத்தில் ஒரு பங்காகத் தெரியும். அலகு ஒன்றாக இல்லாத இரண்டு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அழுத ஒரு குடும்பத்தை நான் கண்டிருக்கிறேன்.

9 ஜூலை 2024

உப்புவெளித் தங்கச்சி அறிவித்திருக்கிறார்: நான்காம் நாள் 47. காய்ச்சல் இல்லை, அம்மா எழுந்து நடக்கிறார். எனக்கும் ஆறுதலாக இருக்கிறது.

என் வீட்டிலேயே ஒரு ஒப்பீடு இருப்பதால் அதையும் சொல்கிறேன். 2011 இல் எனக்குப் பிகினிக் கோட்டுக்குச் சற்று மேலே குறுக்காக வெட்டித் திறந்து செய்தார்கள். ஒரு மணியும் பத்து நிமிடமும் எடுத்தது. இரண்டாம் நாள் என் சி.ஆர்.பி. 118. என் தங்கைக்கு 2022 இல் கொழும்பில் துளைவழியாகச் செய்தபோது, சத்திரசிகிச்சைக்கு இரண்டு மணியும் நாற்பது நிமிடமும் எடுத்த போதிலும், மறுநாள் காலை அவளுடைய எண் 34 மட்டுமே. என்னதை விட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நேரம் அதிகமாக எடுத்தும் அழற்சி குறைவாக இருந்தது என்பதிலிருந்து, உடல் கணக்கெடுப்பது மணித்தியாலங்களை அல்ல, சிதைந்த இழையத்தின் அளவையே என்று தெரிகிறது.

11 ஜூலை 2024: திருத்தம்

மட்டக்களப்பில் தாதியாகப் பணிபுரியும் ஒருவர் என் 9 ஆம் திகதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒரு கேள்வியைக் கேட்டார்: "அக்கா, உங்கள் இரத்தம் எடுத்தது எத்தனையாவது மணித்தியாலத்தில், தங்கையின் இரத்தம் எத்தனையாவது மணித்தியாலத்தில்?"

தாள்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். என்னுடையது சத்திரசிகிச்சை முடிந்து ஏறத்தாழ 46 ஆவது மணித்தியாலத்தில் எடுக்கப்பட்டது. தங்கையுடையது 18 ஆவது மணித்தியாலத்தில். இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து மூன்றில் ஒரு பங்கு என்று எழுதியது தவறு. வாழ்நாள் முழுவதும் இரத்தம் பரிசோதித்த நான் இதைச் செய்திருக்கக்கூடாது. ஒழுங்கை அக்காவின் 28 உம் உப்புவெளி அம்மாவின் 96 உம் இதே வகை ஒப்பீடுதான். முதல் நாளே நான் அதைச் சுட்டிக்காட்டத் தவறிவிட்டேன்.

காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விடயத்தின் மையமே இதுதான். காயம் பட்ட முதல் சில மணித்தியாலங்களில் இன்டர்லியூக்கின்-6 ஏறிவிடும். சி.ஆர்.பி. அதன் பின்னாலேயே வருகிறது. ஆறாவது மணித்தியாலம் அளவில்தான் அது இரத்தத்தில் தெளிவாக ஏறத் தொடங்கும். அதன்பின் ஏறத்தாழ எட்டு மணித்தியாலங்களுக்கு ஒரு முறை இரட்டிப்பாகி, 48 ஆவது மணித்தியாலத்தை ஒட்டி உச்சத்தைத் தொடும். நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலை வளைத்து, இரு பக்கமும் கயிறு பிடித்து இழுக்கத் தொடங்கி, மடி கரைசேர வெகுநேரமாகும். மடி கரைக்கு வருமுன் எவரும் மீனைக் கணக்கிடுவதில்லை. முதல் நாள் காலையில் எடுத்த சி.ஆர்.பி. மடி இன்னும் கடலில் இருக்கும்போது எடுத்த கணக்கு. தங்கையின் 34 இரண்டாம் நாளில் 60 ஆகவோ 70 ஆகவோ போயிருக்கக்கூடும். அவள் அதற்குள் வீடு செல்ல விடுவிக்கப்பட்டதால் எவரும் மறுபடி எடுக்கவில்லை.

இறக்கத்துக்கும் கணக்குண்டு. இரத்தத்தில் உள்ள சி.ஆர்.பி. பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 மணித்தியாலங்கள் எடுக்கும். ஈரல் ஒரே கணத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டால் என் 118, அடுத்த 48 மணித்தியாலங்களில் 20 அளவுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் ஈரல் குழாயைப் பூட்டுவது போல நிறுத்துவதில்லை. மெல்ல மெல்லக் குறைக்கிறது. என் நான்காம் நாள் எண் 52. உப்புவெளி அம்மாவின் 96 இலிருந்து 47 க்கு வந்த இறக்கமும் அதே சாயலில்தான் இருக்கிறது. உச்சத்தின் உயரத்தை விட அதன்பின் சரிவு தொடங்கிவிட்டதா என்பதே வார்ட்டில் எங்களிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட கேள்வி.

14 ஜூலை 2024

அப்படியானால் வேறுபாடே இல்லையா என்று கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார். இருக்கிறது. என் வீட்டுக் கணக்குத்தான் பிழை, வேறுபாடு உண்மையானது.

பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் துளைவழியாகவும் மற்றப் பகுதியினருக்குத் திறந்தும் செய்து, குறித்த மணித்தியாலங்களில் இரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. ஆயினும் துளைவழிச் செய்தவர்களில் இன்டர்லியூக்கின்-6 உம் சி.ஆர்.பி.யும் குறைவாக ஏறுகின்றன என்ற திசை அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. குலுக்கல் ஏன் முக்கியம் என்பதற்கு நானும் தங்கையுமே சான்று. என் கர்ப்பப்பை நார்க்கட்டிகளால் நான்கு மாதக் கர்ப்பம் அளவுக்குப் பெருத்திருந்தது. அவளுடையது ஏறத்தாழ இயல்பான அளவு. பெரிய கர்ப்பப்பை, முன்னைய சிசேரியன் தழும்புகள், ஒட்டிக்கிடக்கும் குடல் ஆகியவை உள்ளவர்களையே பெரும்பாலும் திறந்து செய்கிறார்கள். கடினமானவர்களை ஒரு பக்கமும் எளிதானவர்களை மறுபக்கமும் வைத்துவிட்டு, எண்ணின் வேறுபாடு முழுவதையும் சத்திரசிகிச்சை முறையின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

இன்னும் சில விடயங்கள் எண்ணைக் குழப்பும். உடற்பருமனும் நீரிழிவும் உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்பே சி.ஆர்.பி. சற்று உயர்ந்து நிற்கலாம். வாந்தியைத் தடுப்பதற்காக மயக்கமருந்து வைத்தியர் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் அழற்சியைத் தணிக்கும்; அதே மருந்து வெண்குழியங்களின் எண்ணிக்கையைக் கூட்டவும் செய்யும். இதனால் ஒரே பெண்ணின் அறிக்கையில் ஒரு எண் தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் நிற்பதைக் கண்டு குழம்பியவர்கள் உண்டு.

கோட்டிசோல் போன்ற நெருக்கடிச் சுரப்புகளைப் பார்த்தால் படம் இவ்வளவு தெளிவாக இல்லை. அவை இரண்டு முறைகளிலும் ஏறுகின்றன. வேறுபாடு ஒரு ஆய்வில் தெரிந்தால் மற்றதில் தெரிவதில்லை. துளைவழி முறையில் வயிற்றைக் காபனீரொட்சைட்டு வாயுவால் 12 முதல் 15 மில்லிமீற்றர் இரச அமுக்கம் வரை ஊதிப் பெருக்கி, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி வைத்துத்தான் வேலை செய்ய முடியும். வெட்டு சிறியது என்றாலும் அந்த விரிவும் உடலுக்கு ஒரு நெருக்கடியே என்பதை அந்தச் சுரப்புகள் காட்டுகின்றன என்று நினைக்கிறேன். அதே வாயு வயிற்றறைச் சவ்வைச் சிறிது அமிலமாக்கி, அங்குள்ள விழுங்கு கலங்கள் தூதுப்பொருட்களை விடுவதைக் குறைக்கிறது என்பதற்கும் ஆய்வுகூடச் சான்று உள்ளது. ஆகவே 7 ஆம் திகதி வயிற்றுச் சுவருக்கு நான் கொடுத்த பங்கிலிருந்து சிறிதளவை இந்த வாயுவுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

15 ஜூலை 2024

துளைவழிச் செய்தபின் வரும் தோள்மூட்டு வலி பற்றிய கேள்விக்கு: அது தோளில் ஏற்பட்ட அழற்சி அல்ல. உள்ளே எஞ்சிய வாயு, நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டை உறுத்துகிறது. அந்தத் தசைக்கு வரும் நரம்பும் தோளின் தோலுக்கு வரும் நரம்புகளும் கழுத்தின் அதே கணுக்களிலிருந்து கிளம்புவதால் மூளை அதைத் தோள்வலியாக உணர்கிறது. ஓரிரு நாட்களில் போய்விடும். தங்கைக்குத் துளைகளை விட அந்த வலியே பெரிதாக இருந்தது.

20 ஜூலை 2024

இதை எழுதுவதா விடுவதா என்று ஐந்து நாட்கள் யோசித்தேன். குறைந்த எண்ணைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, அந்தக் குறைந்த எண் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை மறைப்பது சரியல்ல.

2022 ஜூனில் எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டிருந்த காலம். தங்கையைக் கொழும்பில் இரண்டாம் நாளே விடுவித்துவிட்டார்கள். உறவினர் ஒருவர் டீசல் சேமித்து வைத்திருந்த வானில் மூன்றாம் நாள் அவளைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தோம். துளைகள் அழகாக ஆறிக்கொண்டிருந்தன. அவள் தானே தேநீர் போட்டுக் குடித்தாள். என் திறந்த காயத்தோடு நான் பட்ட பாட்டை நினைத்து, இவள் எவ்வளவு கொடுத்துவைத்தவள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

எட்டாம் நாள் மாலை அவளுக்குக் குளிர் நடுக்கம் வந்தது. அடிவயிற்றில் நோவு. வெள்ளை படுவதில் நாற்றம் இருப்பதாகவும் மெதுவாகச் சொன்னாள். நான் அவளிடம், "உனக்கு 34 தானே வந்தது, ஒன்றும் இருக்காது, பனடோல் போட்டுக்கொண்டு படு" என்றேன். எட்டு நாட்களுக்கு முன் எடுத்த ஓர் எண்ணை, அதுவும் உச்சத்துக்கு வராத எண்ணை, அன்றைய காய்ச்சலுக்கு மறுமொழியாகச் சொன்னேன். மறுநாளும் ஓட்டோ கிடைக்குமா, பெற்றோல் இருக்குமா என்று தயங்கினோம். ஒன்றரை நாள் போனபின் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது சி.ஆர்.பி. 164. ஸ்கானில் யோனி மேல்முனைத் தையலுக்கு மேலே இரத்தம் தேங்கி, அதில் கிருமி தொற்றியிருப்பது தெரிந்தது. நாளத்தின் வழியே நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து, தேங்கியதைக் கீழ்வழியாக வடித்து, ஒன்பது நாட்களுக்குப் பின் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது நலமாக இருக்கிறாள். அந்த ஒன்றரை நாளை நான் மறக்கவில்லை.

திறந்து செய்தவர்களுக்கும் இது வரும். ஆனால் என்னைப் போன்றவர்கள் அந்த முதல் நாட்களில் வார்ட்டிலேயே கிடப்போம். நாளொன்றுக்கு இருமுறை எவராவது வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். துளைவழிச் செய்தவர் வீட்டில் இருப்பார். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் குழாயான சிறுநீர்க்கானில் சூட்டுக் கருவி பட்டு ஏற்பட்ட காயம் போன்றவை முதல் நாட்களில் தெரியாமல், ஒரு வாரத்துக்குப் பிறகே விலா நோவாகவோ, காய்ச்சலாகவோ, ஓயாத நீர்க்கசிவாகவோ வெளிப்படலாம். அப்போது அவர் மூதூரிலோ தம்பலகாமத்திலோ இருப்பார். சத்திரசிகிச்சை செய்தவர் கொழும்பில் இருப்பார். எனவே கொழும்பில் செய்துகொள்ளப் போகிறவர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது இரண்டு விடயங்கள். வீடு செல்லும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் என்ன செய்தார்கள் என்பதை முழுமையாக எழுதி வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் இங்கே எந்த கிளினிக்குக்குப் போவது என்பதைப் புறப்படுமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

21 ஜூலை 2024

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, அப்படியானால் துளைவழி முறை ஆபத்தானது என்று சொல்கிறீர்களா என்று மூவர் கேட்டுவிட்டார்கள். இல்லை. ஆனால் குறைந்த அழற்சியும் குறைந்த சிக்கலும் ஒன்றல்ல என்று சொல்கிறேன், அதற்கு என் தங்கையின் கதையை விடப் பலமான சான்று உண்டு.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹாரி ரைக் என்பவர் 1988 இல் முதன்முதலாகத் துளைவழியாகக் கர்ப்பப்பையை அகற்றினார். அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 2004 இல் பிரித்தானியாவிலும் தென்னாபிரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் வெளியாயின. துளைவழிச் செய்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது, வைத்தியசாலையில் தங்கிய நாட்களும் குறைந்தன. ஆனால் சத்திரசிகிச்சை நேரம் 50 நிமிடங்களிலிருந்து 84 நிமிடங்களாகக் கூடியது. பாரிய சிக்கல்கள் திறந்து செய்தவர்களில் 6.2 வீதமாகவும் துளைவழிச் செய்தவர்களில் 11.1 வீதமாகவும் இருந்தன. இடையில் வயிறு திறக்க நேர்ந்ததையும் அக்கணக்கில் ஒரு பாரிய சிக்கலாகச் சேர்த்திருந்தார்கள் என்பதை நினைவில் வைத்துத்தான் அந்த 11.1 ஐப் படிக்க வேண்டும். அது அந்த முறை இளமையாக இருந்த காலமும்கூட. கைகள் தேறத் தேற எண்கள் மாறும். ஆயினும் 2015 இல் 47 ஆய்வுகளையும் 5,102 பெண்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்விலும் அதே இரட்டைத் தன்மை தெரிந்தது. துளைவழிச் செய்தவர்கள் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் முன்னதாகவே இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். சிறுநீர்ப்பை, சிறுநீர்க்கான் காயங்கள் அவர்களில் கூடுதலாக இருந்தன.

சி.ஆர்.பி.க்கு இந்த இரண்டாவது பாதி தெரியாது. சத்திரசிகிச்சை மேசையில் எவ்வளவு இழையம் சிதைந்தது என்பதை அது இரண்டு நாட்களில் சொல்லிவிடும். ஒரு சிறுநீர்க்கானின் ஓரத்தில் மெல்லிய சூடு பட்டதா என்பதை அப்போது அது சொல்லாது.

அந்த மீளாய்வு முதலிடம் கொடுத்தது இவ்விரண்டு முறைகளுக்கும் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயலுமான இடத்தில் யோனி வழியாகவே அகற்றுவதைத்தான் அது சிறந்ததாகக் கொண்டது. வயிற்றில் ஒரு கீறலும் இல்லை. விலையுயர்ந்த கமராவும் வேண்டாம். நம் ஊர்ப் பேச்சில் திறந்ததா கமராவா என்று இரண்டு வழிகள் மட்டும் இருப்பது எனக்குக் குறையாகப் படுகிறது. பெண்நோயியல் நிபுணரான வி.ஓ.ஜி.யிடம் போகும்போது மூன்றாவதையும் கேளுங்கள்.

28 ஜூலை 2024

காயம் உள்ளவர்களுக்கு ஆகாது என்று ஒதுக்கும் கிரந்திச் சாப்பாடு பற்றி இத்தனை கேள்விகள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் சின்னம்மா எனக்கு இறால், நண்டு, கணவாய், கத்தரிக்காய், அன்னாசி எல்லாவற்றையும் நாற்பது நாட்களுக்குத் தடுத்துவிட்டார். கிரந்தி என்றார், காயம் உள்ளே வேகும் என்றார். அந்தச் சொல்லை நான் இழிவாகப் பேச மாட்டேன். காயம் சிவப்பது, சுடுவது, ஊறுவது, தினவெடுப்பது ஆகியவற்றை நம் மூத்தவர்கள் கண்ணால் பார்த்து ஒரே சொல்லுக்குள் அடக்கினார்கள். இன்று நாம் அழற்சி என்பதும் அவற்றில் பலவற்றையே. இறால் ஒவ்வாமை உள்ள ஒருவருக்கு அந்தத் தடை பொருந்தவும் செய்யும். ஆனால் ஒவ்வாமை இல்லாத ஒருவர் நண்டு சாப்பிட்டதால் சத்திரசிகிச்சைக்குப் பின் அழற்சி கூடும் என்று நம்பக் காரணம் எதையும் நான் கண்டதில்லை. மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிட்டு, கஞ்சியும் இரசமும் மட்டும் கொடுப்பதே எனக்குக் கவலை தருகிறது. காயம்பட்ட உடல் தன் தசையையே கரைத்துப் புரதத்தைச் செலவிடுகிறது என்பதைக் கிளாஸ்கோவில் கத்பேர்ட்சன் என்பவர் 1930 களிலேயே எலும்பு முறிந்த நோயாளிகளில் அளந்து காட்டினார். பெரிய வெட்டு உள்ளவருக்குத்தான் அந்தச் செலவு அதிகம். அவரைத்தான் நாம் கடுமையான பத்தியத்தில் வைக்கிறோம்.

எனக்கு அம்மா பால்சுறாவை உள்ளியும் மிளகும் மஞ்சளும் போட்டுச் சொதியாக வைத்துக் கொடுத்தார். சின்னம்மாவின் பட்டியலில் சுறா இல்லாதது என் அதிர்ஷ்டம்.

29 ஜூலை 2024

கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கலாமா என்ற கேள்விக்கு: அங்கே கிணற்றுக்குள் இறங்குவதில்லை, வாளியால் அள்ளித்தான் ஊற்றுகிறோம், ஆகவே துளைகளும் வெட்டும் ஆறிய பின், உங்கள் வைத்தியர் சரி என்றால், ஊற்றிக் குளிப்பதில் தவறில்லை. கடலிலோ குளத்திலோ இறங்குவது வேறு. இரண்டு முறைகளிலும் யோனியின் மேல்முனையில் ஒரு தையல் உண்டு. அது ஆற ஏறத்தாழ ஆறு வாரங்கள் எடுக்கும். வெளியே தெரியும் காயம் சிறியதாக இருப்பதால் துளைவழிச் செய்தவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

4 ஓகஸ்ட் 2024

மூன்று வாரங்களுக்குப் பின் ஈ.எஸ்.ஆர். 70 என்று வந்ததாகச் சாம்பல்தீவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், சி.ஆர்.பி. 4. இரண்டும் அழற்சியைக் காட்டுவதாகச் சொல்லப்படுவதால் குழப்பம். ஈ.எஸ்.ஆர். என்பது குழாயில் வைத்த இரத்தத்தில் செங்குழியங்கள் அடியில் படியும் வேகம். அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். அத்துடன் இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது வேறு காரணமின்றியே உயர்ந்து நிற்கும். நார்க்கட்டிகளால் பல ஆண்டுகள் இரத்தம் போன ஒரு பெண்ணுக்கு இரத்தசோகை இல்லாமல் இருப்பதே அரிது. அவருடைய ஹீமோகுளோபின் 8.9. எனக்கு அந்த 70 ஐ விட இந்த 8.9 தான் கவலை தருகிறது. இரும்புச்சத்து மாத்திரையை இடையில் நிறுத்தியிருக்கிறாரா என்று கேட்டிருக்கிறேன்.

7 ஓகஸ்ட் 2024

நிறுத்தித்தான் இருக்கிறார். வயிற்றுப் புரட்டலாம். கிளினிக்கில் சொல்லி மாற்று மருந்து கேட்கும்படி எழுதினேன்.

10 ஓகஸ்ட் 2024

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட தன் மாமிக்குத் துளைவழியாகச் செய்தால் அழற்சி குறையும், அதனால் புற்றுநோயும் பரவாது என்று எவரோ சொன்னதாக ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு மட்டும் தயவுசெய்து இந்தக் குறிப்புகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். அப்படித்தான் பலரும் எதிர்பார்த்தார்கள். 2018 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு அதற்கு நேர்மாறாக வந்தது: நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள், திறந்து விரிவாக அகற்றியவர்களில் 96.5 வீதம், துளைவழிச் செய்தவர்களில் 86 வீதம். கர்ப்பப்பையின் உட்சவ்வில் வரும் புற்றுநோய்க்கு இந்த முடிவு பொருந்தாது. அதில் துளைவழி முறை ஏற்றுக்கொள்ளப்பட்டே இருக்கிறது. மாமிக்கு எது என்பதைப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள். அவர் திறந்துதான் செய்ய வேண்டும் என்றால், பழைய முறையில் வெட்டுகிறார் என்று எண்ண வேண்டாம்.

18 ஓகஸ்ட் 2024

உப்புவெளி அம்மாவுக்கு ஆறு வாரங்கள் முடிந்தன. சி.ஆர்.பி. 3. இன்னும் குனிந்து கோலம் போட முடியவில்லை என்று வருந்துகிறாராம். எனக்கு அதற்கு மூன்று மாதங்கள் எடுத்தன என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒழுங்கை அக்கா நான்காம் வாரமே பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு நடந்து போய்விட்டார் என்பதையும் மகள் எழுதியிருக்கிறார். துளைவழி முறையின் உண்மையான கொடை அதுதான். அதை நான் குறைத்துப் பேசியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

தங்கை இந்தக் குறிப்புகள் எல்லாவற்றையும் நேற்று இருந்து படித்தாள். 20 ஆம் திகதியதைப் படித்து முடித்ததும் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த இரண்டு தாள்களையும் காட்டு என்றாள். மேசையில் பக்கம் பக்கமாக வைத்தோம்: 118, 34. இரண்டு தாள்களிலும் திகதி அச்சிடப்பட்டிருந்தது, நேரம் இல்லை. வார்ட்டில் எழுதிவைத்த என் ரிக்கெட்டின் பிரதியையும் அவளுடைய கார்ட்டையும் பார்த்து, ஒன்றின் ஓரத்தில் 46 மணித்தியாலம் என்றும் மற்றதன் ஓரத்தில் 18 மணித்தியாலம் என்றும் பேனையால் எழுதி, அவற்றைத் திரும்பவும் கோவைக்குள் வைத்தேன்.